மாமாவின் மூக்கு

அக்கா புருஷனைப் பற்றித் தங்கைக்கு ஒருநாளும் நல்ல எண்ணம் இருந்ததில்லை. மரச்சாமான் கடை வைத்திருந்த அந்த மனுஷருக்குக் குடும்பத்தில் 'அரை டாக்டர்' என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். தும்மினால் ஒரு ஆன்டிபயாடிக், தொண்டை கரகரத்தால் இன்னொன்று. மருந்துக்கடைக்காரன் சீட்டுக் கேட்கமாட்டான். தலையைக் கண்டாலே அட்டையைக் கத்தரித்து நீட்டுவான். இரண்டு மாத்திரையில் உடம்பு தேவலையாகிவிடும், மிச்சம் மேஜை இழுப்பறைக்குப் போகும். அடுத்து வீட்டில் யார் இருமினாலும் இழுப்பறை திறக்கும்.

தங்கை பெரிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் டாக்டர். நோயாளிகளின் சளியிலும் ரத்தத்திலும் இருக்கிற கிருமியைத் தட்டில் வளர்த்து, இது இன்ன கிருமி, இன்ன மருந்துக்குத்தான் சாகும் என்று சொல்வது அவள் வேலை.

"மாமா, அது மிட்டாய் இல்ல. பாதியில விட்டா கிருமி சாகாது, பழகிக்கும்" என்று எத்தனையோ தடவை சொன்னாள்.

"நீ புத்தகத்தப் பாத்துச் சொல்ற. நான் அனுபவத்துல சொல்றேன்" என்பார் அவர்.

"அவருக்குத் தெரியும்டி" என்று அக்கா ஒத்து ஊதுவாள். அந்த ஒத்துதான் தங்கைக்கு மாமாவைவிட எரிச்சலாக இருக்கும்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு இருமத் தொடங்கினாள். இழுப்பறை திறந்தது. இருந்த மாத்திரைகள் தீர்ந்ததும் வேறு நிற மாத்திரை வந்தது. தங்கை தற்செயலாகப் பார்க்கப் போனபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மாமா பக்கத்தில் நின்று, "நாளைக்குச் சரியாயிடும்" என்றார். தங்கை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

நிமோனியா. அக்காவின் சளியைத் தங்கையே தட்டில் பூசினாள். மறுநாள் சிவப்புத் தட்டு முழுக்கக் கிருமி முளைத்திருந்தது. வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகளில் தோய்த்த காகித வில்லைகளை மேலே வைத்தால் சுற்றிலும் கிருமி செத்துத் தெளிந்த வளையம் தெரியவேண்டும். ஒன்றிரண்டைத் தவிர எதற்கும் வளையமில்லை. வில்லையின் விளிம்புவரை வந்து கிருமி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வார்டுக்குப் போன் செய்து மருந்தை மாற்றச் சொன்னாள்.

பிறகு மாமாவை ஆய்வகத்துக்கு வரச் சொன்னாள்.

"மூக்கக் காட்டுங்க மாமா."

"எனக்கு ஒண்ணும் இல்லையே!"

"அதனாலதான்."

கடையில் ஆட்களை விரட்டி பீரோ தூக்க வைக்கிறவர், பஞ்சுக்குச்சி உள்ளே போனதும் கன்றுக்குட்டி மாதிரி கத்தினார்.

அவர் மூக்கிலும் அதே கிருமி, அதே பிடிவாதம். இந்த ஜாதிக் கிருமி நிறையப் பேர் மூக்கில் சாதுவாகக் குடியிருக்கும், வீட்டுக்காரனுக்கே தெரியாது. இவர் போட்ட அரைகுறை மாத்திரைகள் சாதுக்களைக் கொன்று முரடுகளுக்கு இடம் ஒழித்துக் கொடுத்திருந்தன. பக்கத்தில் செத்துக்கிடக்கும் கிருமியின் மரபணுத் துண்டைக்கூட எடுத்துத் தனக்குள் சேர்த்துக்கொண்டு பிழைக்கக் கற்ற ஜந்து அது. கண்ணுக்குத் தெரியாத அதற்கு இருக்கிற புத்தியில் கால்வாசி இந்த மனுஷருக்கு இருந்தால் போதுமே என்று தங்கை நினைத்தாள்.

அக்காவின் படுக்கையருகே வைத்தே அவரிடம் சொன்னாள். "உங்க மூக்குல இருக்கறதும் அக்கா நெஞ்சுல இருக்கறதும் ஒரே கிருமி. நீங்க வளத்தது."

மாமா மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார். "எங்கிட்டேருந்துதான் போச்சுன்னு சத்தியம் பண்ணுவியா?"

"சத்தியம் பண்ண முடியாது. ஆனா..."

"அப்ப இவதான் எனக்குக் குடுத்திருப்பா. வருஷம் பூரா இருமறவ இவதானே!"

ஆக்ஸிஜன் முகமூடிக்கு மேலே அக்காவின் கண்கள் திறந்திருந்தன. அவள் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்ப்பது போலிருந்தது.

மாற்றிய மருந்து கேட்டது. காய்ச்சல் இறங்கியது, முகமூடி போய் மூக்குக் குழாய் வந்தது, அதுவும் போனது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று மாமா கார் கொண்டுவந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார்.

"ஒரு பாதுகாப்புக்கு இதுவும் ரெண்டு போட்டுக்கோ. இவங்க குடுக்கறது சூடு."

தங்கைக்கு வசவு வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அக்கா அந்த அட்டையை வாங்கி நர்ஸிடம் கொடுத்தாள். "இத எங்க போடணுமோ அங்க போட்டுடும்மா." பிறகு தங்கையிடம் திரும்பி, "உன் வீட்டுல மாடி ஏறணுமில்ல? மெதுவா ஏறிக்கறேன்" என்றாள்.

"என்னடி இது? வீட்ட விட்டுப் போறதுக்கு இதுவா காரணம்?" என்றார் மாமா. அக்கா தங்கையின் காரில் ஏறிக்கொண்டாள்.

மாமா ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கிருமிதான் மனைவியைப் பிடித்தது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அது தங்கை காதுக்கு வந்தபோது கொதித்துப்போய் அக்காவிடம் ஓடினாள். அவளும் சேர்ந்து நாலு வசவு வைவாள் என்று எதிர்பார்த்தாள்.

அக்கா ஜன்னலோரம் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"சொல்லிட்டுப் போகட்டும்" என்றாள். "இன்னிக்கு ரெண்டு மாடியும் நிக்காம ஏறிட்டேன் தெரியுமா?"

தங்கை இத்தனை வருஷம் சேர்த்துவைத்த வெறுப்பெல்லாம் அந்தக் குரலுக்கு முன்னால் வெறும் கூச்சலாகத் தோன்றியது.