கரி கேஸ் லாரி

இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பத்தை மடியில் குறுக்கே போட்டு, வைரவன் அதன் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெயில் நனைத்த தேங்காய் நாரால் துருவைத் தேய்ப்பான். பழந்துணியால் ஒற்றுவான். பிறகு விரல் நுனியால் கிரீஸ் தடவுவான். துடைத்து முடித்தவை சுவரோரப் பலகைகள்மேல் கிடந்தன. கோடாலிகள், மரத்தில் முத்திரை குத்தும் சுத்தியல்கள், யானைகள் கட்டை இழுத்த சங்கிலி. ஒவ்வொன்றிலும் எண் அடித்த தகரத் துண்டு தொங்கியது. மூன்று நாளாக விடாத மழை கொட்டகையின் கூரைத் தகட்டில் இரைந்துகொண்டிருந்தது.

கொட்டகை நடுவே பழைய லாரி நின்றது. அதன் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, அதற்குள் அடுப்புக்கரியை எரித்து, வரும் கேஸை எஞ்சினுக்குக் கொடுத்து வண்டியை ஓட்டினார்கள். உருளையின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் கட்டைவிரல் தடிமனில் கல்நார்க் கயிறு. மூடி வழியாகக் கேஸ் கசியாமல் அடைப்பது அந்தக் கயிறுதான். வலியுல்லா ஏணிமேல் நின்று, மூடியைத் திறந்துவைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், உள்ள புதையல் கீதா?" என்றான் வைரவன்.

வலியுல்லா மூடியை மெதுவாக இறக்கினார்.

கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கொட்டகை ஒரு மரக் கம்பெனியின் பழைய கிடங்கு. காட்டு வேலைச் சாமான்களையெல்லாம் அங்கே காட்சிக்கு வைக்கலாம் என்று முதலாளிக்கு ஒரு யோசனை இருந்தது. எழுபத்து நான்காம் வருஷம் பெட்ரோல் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தபோது, அவருக்குக் கரி கேஸ் லாரியின் ஞாபகமும் வந்தது.

காட்சிச்சாலைக்குப் பொறுப்பாளர் நல்லசிவம். திருநெல்வேலிக்காரர், ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்றவர். குடையை வாசலிலேயே உதறி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு துளியும் உள்ளே சிந்த விடமாட்டார்.

"வே வலியுல்லா, வியாழக்கிழமை முதலாளி வாராரு. டெல்லியில இருந்து விருந்தாளியும் வாராரு. லாரி ஓடணும்."

"வெளிய தள்ளி வெச்சு ஓட்டலாம் சார். காத்தாட."

"இந்த மழையிலயா? இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கு."

"கதவையாவது தொறந்து வெச்சிக்கினு..."

"தொறந்தா சாரல் அடிக்கும். ஆத்துக் காத்து வேற. ஒரே நாள்ல ரம்பம் பூரா துருப் பிடிச்சிரும். நாலு மாசமா ரெண்டு பேரும் தேய்ச்சது எதுக்கு?"

"அந்த கேஸுக்கு வாசனை கெடையாது சார்."

"நல்லதா போச்சு. விருந்தாளி மூக்கைப் பொத்த வேண்டாம்." நல்லசிவம் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றது. "சேரும்போது யுத்தத்துல கரி கேஸ் பஸ்ல வேலை பார்த்தவன்னு நீர்தானே சொன்னீர்? ஓடலைன்னா லாரி பழைய இரும்புக்குப் போயிரும். அப்புறம் இந்தச் சாமானெல்லாம் எங்க போகும், நாம எங்க போவோம்? ஓடிட்டா உங்க ரெண்டு பேருக்கும் மாசச் சம்பளம். முதலாளி வாயால சொல்லியிருக்காரு."

அவர் போன பிறகு வைரவன் ரம்பத்தைத் தட்டித் தாளம் போட்டான். "மாசச் சம்பளம் பாய்! தங்கத்தாண்ட சொன்னா ஆடிடுவா."

தங்கம் அவன் பெண்சாதி. மந்தைவெளியில் குடியிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வலியுல்லா வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

"வேணா பாய். தெனம் கேக்கற, தெனம் சொல்றேன். வெத்தல போட்டா தங்கம் பக்கத்துலயே சேத்துக்க மாட்டா. அவங்கப்பன் துப்பித் துப்பி சொவத்தையே பாழ் பண்ணவன்." வைரவன் பற்களைக் காட்டிச் சிரித்தான். வெள்ளை வெளேரென்று இருந்தன. "தோ, லாரிக் கரிலதான் வெளக்கறேன். ஓசிக் கரி."

வலியுல்லா வெற்றிலையை மடித்தார். வாயில் போட்டுக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்," என்றார். "குலாம் முகம்மது. நாப்பத்து மூணுல நாங்க ரெண்டு பேரும் ராயப்பேட்டைல ஒரே பஸ் ஷெட்ல இருந்தோம். இதே மாதிரி மழை. காலைல சீக்கிரம் வண்டி கெளம்பணும்னு நெருப்ப அணைக்காம, கதவ சாத்திட்டாங்க. அவன் பஸ்ல சீட்டு மேல படுத்தான். நான் ஊட்டுக்குப் போய்ட்டேன்."

வைரவனின் சிரிப்பு நின்றது.

"காலைல பாத்தா தூங்கறவன் மாதிரிதான் இருந்தான். ஒரு காயம் இல்ல. ஒதடும் நகமும் மட்டும் செவசெவன்னு, வெத்தல போட்ட மாதிரி. எங்கம்மா ஈரத் துணி வெச்சு ஒதட்டத் தொடச்சிக்கினே இருந்தாங்க. வெத்தலன்னு நெனச்சிக்கினு. அது போவவே இல்ல. கேஸ் ஏறின ரத்தத்தோட செவப்பு அது."

கூரையில் மழை இரைந்தது. இருவரும் லாரியைப் பார்க்கவில்லை.

"சாராண்ட இத சொன்னியா?"

"சொன்னா, பயந்தவனுக்கு இங்க இன்னா வேலன்னு கேப்பாரு."

அன்று சாயங்காலம் வைரவன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது வலியுல்லா ஏணியில் ஏறினார். பள்ளத்திலிருந்து கயிற்றை விரலால் நெம்பி எடுத்துச் சுருட்டினார். முப்பது வருஷமாகியும் அது மக்கவில்லை. சாப்பாட்டுப் பையில் தூக்குக்குக் கீழே வைத்தார். மூடி அடையாவிட்டால் கேஸ் எஞ்சினுக்குச் சரியாகப் போகாது, வண்டி கிளம்பாது. ஓரிரு தடவை முயன்றுவிட்டு விட்டுவிடுவார்கள். மீர்சாகிப்பேட்டை வரை நடக்கும்போது அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார். பை தோளில் கனத்தது.

புதன்கிழமை காலை நல்லசிவம் கயிறு இல்லாததைக் கண்டுபிடித்தார். பதிவுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றார். "நாப்பத்தொண்ணாம் நம்பர். கல்நார்க் கயிறு ஒண்ணு. இங்க கையெழுத்துப் போட்டிருக்கது நான். யாரு எடுத்தான்னு தெரியட்டும், போலீஸ்லதான் விடுவேன்."

"எலி இழுத்துக்கினு போயிருக்கும் சார்," என்றான் வைரவன். "கவலைய வுடுங்க, நான் அடைக்கிறேன்."

அவன் மழையில் ஆற்றங்கரைக்கு ஓடினான். களிமண்ணோடு வந்தான். கோணியைக் கிழித்துத் திரித்து, சேற்றில் புரட்டி, பள்ளத்துக்குள் வைத்து அழுத்தினான். மேலே மூடியைப் போட்டு ஓரமெல்லாம் களிமண்ணைப் பூசினான்.

"பாத்தியா பாய்! உங்க ஊட்டு பிரியாணிக்கு தம் போடற மாதிரி போட்டுட்டேன்."

"சூட்டுல மண்ணு காயும். காஞ்சா வெடிச்சுடும் வைரவா."

"வெடிச்சா இன்னொரு கை பூசறேன்."

வலியுல்லா நல்லசிவத்தைப் பார்த்தார். வாய் திறந்தார். நல்லசிவம் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே சிவப்பு மசியால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். வலியுல்லா வாயை மூடிக்கொண்டார்.

"காத்து ஊதற கைப்பிடிய நாளைக்கு நான் சுத்தறேன் சார்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "எனக்கு அதோட கொணம் தெரியும்."

"வேண்டாம் வே. நீர் பயப்படுதீர். பயந்தவன் கையில நெருப்பைக் குடுக்கக்கூடாது. வைரவன் சுத்தட்டும். நீர் கேட்ல நின்னு முதலாளிக்குக் குடை புடியும்."

வியாழக்கிழமை இருவருக்கும் புதுக் காக்கிச் சட்டையும் தோளில் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைத் துண்டும் கொடுத்தார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால் ஒன்பதுக்கே தீ வைத்தார்கள். காற்று ஊதும் கைப்பிடியை வைரவன் அரை மணி சுற்றினான். கேஸ் வருகிறதா என்று பார்க்கும் குழாயின் வாயில் வலியுல்லா தீக்குச்சியைக் காட்டினார். நீலச் சுடர் பிடித்தது.

கொட்டகையின் பின் ஜன்னல் கதவு தானாக மூடிக்கொள்ளும். வலியுல்லா ஒரு கோடாலியை எடுத்து அதன் காம்பை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தார்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ வெளிய வந்துடு. தல நொந்தா அப்படியே போட்டுட்டு ஓடியாந்துடு. எது செஞ்சாலும் உக்காராத. உக்காந்தா எழுந்திரிக்கத் தோணாது."

"போ பாய், வயித்தக் கலக்கிக்கினு."

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கார் வரவில்லை. தீ அவிந்தால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும் என்பதால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. வலியுல்லா கேட்டை விட்டுவிட்டு ஒரு தடவை ஓடி வந்து பார்த்தார். மூடி ஓரத்துக் களிமண் வெளுத்து, மயிரிழை மயிரிழையாகப் பிளந்திருந்தது. வைரவன் வேர்த்து நின்றான்.

"தல கொஞ்சம் கனமா கீது பாய். ராத்திரி தூக்கமில்ல, அதான்."

"வா வெளிய."

"நெருப்பு பூடும் பாய். வர்ற நேரந்தான்."

பின்னாலிருந்து நல்லசிவத்தின் குரல் கேட்டது. "யாரு வே இதை இங்க வச்சது?" ஜன்னல் வழியாகச் சாரல் ரம்பங்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. "காட்சிப் பொருளை முட்டுக் குடுக்கவா வச்சிருக்கு?"

"சார், அது தொறந்திருக்கணும் சார். உள்ள ஆள் கீறான்."

"இப்ப வந்துருவாங்க. அஞ்சு நிமிஷம்." நல்லசிவம் கோடாலியை உருவினார். ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது. காம்பின் ஈரத்தைத் தன் வேட்டி முனையால் ஒற்றித் துடைத்து, எண் தெரியும்படி பலகையில் வைத்தார். "கேட்டுக்குப் போம். நீர் இல்லாத நேரத்துல வந்துட்டா என்ன செய்ய?"

வலியுல்லா கேட்டுக்குப் போனார். பின்னால் கொட்டகைக் கதவு இழுத்து மூடப்பட்டது. நல்லசிவம் முகப்புத் தாழ்வாரத்தில் டீயும் வடையும் தயாராக இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

மழையினூடே கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. கர்ர் கர்ர் என்று கொஞ்ச நேரம் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். வலியுல்லா மழையைக் கேட்கவில்லை, அதை மட்டும் கேட்டார். நிற்கும்போதெல்லாம் மனசுக்குள் எண்ணினார். இருபது வருவதற்குள் மறுபடி தொடங்கும். அடுத்த தடவை நாற்பது ஆயிற்று. சத்தம் தொடங்கியது, ஆனால் மெதுவாக, மாவு ஆட்டுவதுபோல. பிறகு நின்றது.

நூறு எண்ணினார். நூற்றைம்பது.

கேட் கம்பியில் மாட்டியிருந்த பையை எடுத்தார். இன்னும் அதற்குள்ளேயே கிடந்த கயிற்றைக் கொண்டுபோய் நல்லசிவத்தின் முன்னால் போட்டுவிடலாம். போலீஸைக் கூப்பிடட்டும், கதவைத் திறந்தால் போதும். நாலு எட்டு வைத்திருப்பார். பின்னால் ஹாரன் அடித்தது.

"யோவ், கேட்டத் தொற! முதலாளி நனையறதுக்கா?"

டிரைவர் கத்தினான். வலியுல்லா திரும்பி வந்து கேட்டைத் திறந்தார். குடையை விரித்தார். முதலாளியும் விருந்தாளியும் பாதையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். அவர்கள் நின்றால் குடையும் நின்றது. முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரியில் லாரி ஓடினால் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கொட்டகையிலிருந்து சத்தமே இல்லை.

"சார்... கொஞ்சம் வேகமா..."

"என்னப்பா அவசரம்? சேறு தெறிக்குது பார்."

நல்லசிவம் ஓடி வந்து கும்பிட்டு, கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே வரிசையாக ரம்பங்கள் பளபளத்தன. லாரிச் சக்கரத்தில் சாய்ந்து வைரவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கை கைப்பிடியில் இருந்தது. தலை நெஞ்சில் தொங்கியது.

"லேய் வைரவா, எந்திலே! முதலாளி வந்திருக்காங்க!"

முதலாளி குனிந்து பார்த்தார். "நல்ல ஆளைப் பிடிச்சீங்க நல்லசிவம். வாய் நிறைய வெத்தலையப் போட்டுக்கிட்டு, வேலை நேரத்துல தூக்கம்."

வலியுல்லாவின் கையிலிருந்து குடை விழுந்தது. உள்ளே பாய்ந்து வைரவனின் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. வெளியே சேற்றில் கிடத்தினார். மழை அவன் முகத்தில் விழுந்தது. கண் இமை அசையவில்லை. கை நகங்கள் பத்தும் சிவந்திருந்தன.

"வைரவா. டேய். தங்கம் காத்துக்கினு இருப்பாடா."

விருந்தாளி இரண்டடி பின்வாங்கினார். திறந்த கதவு வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. நல்லசிவத்தின் கை தன்னாலே கதவுப் பிடிக்குப் போய், அங்கேயே நின்றது.

"அவன் வெத்தல போடமாட்டான் சார்," என்றார் வலியுல்லா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

தன் தோளில் கிடந்த துண்டு நனைந்திருந்தது. அதை உருவி வைரவனின் உதடுகளை அழுத்தித் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு துண்டை இரண்டு கையாலும் விரித்து, முதலாளியின் முன்னால் நீட்டிப் பிடித்தார்.

துண்டு வெள்ளையாகவே இருந்தது.