ஆதாம் இரண்டு முறை வந்த நாடகம்

சாம்பியன் ரீப்ஸ் ஆட்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், முதலில் அதை ஷிப்டாகப் பிரிப்பார்கள். கோலார் தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் கல்யாண வீட்டில் காய் நறுக்குவதிலிருந்து துக்க வீட்டில் நாற்காலி போடுவது வரைக்கும் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட்தான். அதனால் அந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு உலகப் படைப்பையே நாடகமாகப் போடலாம் என்று சபையில் முடிவானபோது, வசனம் எழுதும் வேலையையும் இரண்டு ஷிப்டுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் வில்லங்கம் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காலை ஷிப்டுக்கு யேசுதாஸ் தலைவர். சுரங்க வாசலில் நின்று, ஆட்களை இறக்கும் கேஜுக்கு மணி கொடுத்தவர். அவர் கையசைக்காமல் ஒரு ஆள் பூமிக்குள் போனதில்லை, மேலே வந்ததுமில்லை. மாலை ஷிப்டுக்குப் பெண்கள் சங்கத் தலைவி எல்லம்மா. ஞானஸ்நானம் வாங்கும்போது, "அப்பன் வெச்ச பேரை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க" என்று பாஸ்டரிடமே சொன்னவர். வேதத்தின் முதல் பக்கத்திலிருந்து உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பதுதான் இரண்டு பேருக்கும் சொல்லப்பட்டது. காலை ஷிப்ட் ஏழாம் நாள் ஓய்வு வரைக்கும் எழுதி முடித்துவிட்டு எழுந்தது. காலை ஷிப்ட் விட்ட இடத்திலிருந்து மாலை ஷிப்ட் எழுதியது. ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துப் பார்க்கவில்லை.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒத்திகை பார்க்க வேண்டிய பொறுப்பு நேத்ராவுடையது. யேசுதாஸின் மருமகள், பள்ளிக்கூட டீச்சர்.

முதல் பாதி தேர்போல ஓடியது. வெளிச்சம் வந்தது. ஆகாயம் விரிந்தது. நிலம் எழும்பி, செடி கொடி முளைத்தது. சூரியனும் நிலாவும் ஏறின. மீனும் பறவையும் வந்தன, மிருகங்கள் வந்தன. ஆறாம் நாள் ஆணும் பெண்ணும் ஒன்றாக மேடைக்கு வந்து நின்றார்கள். ஆதாமாக ஆட்டோ ஓட்டும் ஏசுபாதம். ஏவாளாக அவன் தங்கை பவ்யா. ஊரில் யாரும் வம்பு பேச முடியாதபடி செய்த ஏற்பாடு அது. ஏழாம் நாள் ஓய்வு. எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து எல்லம்மா எழுந்து தன் தாளைப் படித்தார். "பூமியில் ஒரு செடியும் இல்லை. மழையும் இல்லை. மண்ணைப் பண்படுத்த மனுஷனும் இல்லை."

மேடையில் நின்ற ஏசுபாதம் தன்னைத்தானே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டான்.

"டீச்சர், நான் இங்கதான நிக்கிறேன்? மறுபடியும் மண்ணுலருந்து வரணுமா? இப்பத்தான் மீசையெல்லாம் ஒட்டினேன்."

"என்னை இதுல விலா எலும்புலருந்து எடுக்கறாங்க அக்கா," என்றாள் பவ்யா. "நான் நிக்கவா, போகவா?"

யேசுதாஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா எழுதிக்கீற எல்லம்மா? செடி கொடியெல்லாம் மூணாம் நாளே மொளச்சாச்சு. நீ பொட்டக் காடுன்னு ஆரம்பிக்கிற. மனுஷன் மரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"என் வூட்லருந்தா எழுதினேன்? வேதத்துல கீறதத்தான் எழுதினேன். கண்ணாடிய மாட்டிப் பாருங்க."

அவர் மாட்டினார். பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் வைத்து, விரலை ஓட்டி முதல் அதிகாரத்தைப் படித்தார். பக்கம் திருப்பி அடுத்ததைப் படித்தார். திரும்பவும் முன்னால் வந்தார். மாமனாரின் விரல் இரண்டு பக்கங்களுக்கு நடுவே போய் வருவதை நேத்ரா பார்த்துக்கொண்டே நின்றாள். எழுபது வயது வரை தினமும் படித்த பக்கங்கள். இரண்டும் அங்கேயேதான் இருந்தன.

"ரெண்டு கீது," என்றார் மெதுவாக, யாரையோ கையும் களவுமாகப் பிடித்தவர்போல.

மேடைக்குப் பின்னால் விளக்கு கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோ ஏணியிலிருந்து இறங்கி வந்தான். பெங்களூரில் ஒரு வேதக் கல்லூரியில் எபிரேயம் கற்றுக்கொடுக்கிறவன். சனிக்கிழமை ஆனால் பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ரயிலேறி வந்துவிடுவான்.

"ஆமாங்க ஐயா, ரெண்டு கதை. ரெண்டு காலத்துல, வேற வேற ஆளுங்க எழுதினதுன்னுதான் படிச்சவங்க பெரும்பாலும் சொல்றாங்க. மொதல்ல 'தேவன்'னு மட்டும் வருது. அடுத்ததுல 'தேவனாகிய கர்த்தர்'னு வருது பாருங்க. சொல்ற தோரணையே வேற."

"அட, வேதத்தையும் ரெண்டு ஷிப்டாத்தான் எழுதிக்கீறாங்க," என்றான் ஏசுபாதம். எல்லோரும் சிரித்தார்கள். யேசுதாஸ் சிரிக்கவில்லை.

"அப்ப எது பொய்?"

"பொய்யின்னு இல்லைங்க ஐயா..."

"ஒண்ணு நின்னா ஒண்ணு போகணும் தம்பி. ரெண்டாவது ஒண்ணு வந்துட்டா, மொதல்ல இருந்தது செல்லாம பூடும். அவ்ளோதான் கணக்கு." புத்தகத்தை மூடினார். "ஏதாவது ஒண்ண எடுத்துடுங்க. இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க."

கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் பேசியது நாடகத்தைப் பற்றி மட்டுமா என்று நேத்ரா பயந்தாள். கிறிஸ்டோ அவள் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கும் அதே பயம்தான்.

நேத்ரா யேசுதாஸின் ஒரே மகன் பவனின் மனைவி. நாலு நாள் காய்ச்சலில் பவன் போன பிறகு, அவளை அழைத்துப் போக அவள் அப்பா கோலாரிலிருந்து வந்தார். "மாமா தனியா இருப்பாரு" என்று அவள்தான் போகவில்லை. சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் இரண்டு அறையில் அவர்கள் இரண்டு பேர். மாமனார் மருமகள் என்பது எப்போதோ அப்பா மகளாக மாறிவிட்டது. போன கிறிஸ்மஸ் பஜனையில்தான் கிறிஸ்டோ பழக்கமானான். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். மழைக்காலம் தொடங்கியபோது, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று நேராகக் கேட்டுவிட்டான். அவளுக்குச் சம்மதம்தான். ஆனால் மாமா மனசார அனுப்பினால்தான் வருவேன் என்று சொல்லியிருந்தாள். பண்டிகை முடிந்ததும் வந்து கேட்கிறேன் என்று அவன் சொன்னான். வீட்டில் சொல்லலாம், சொல்லலாம் என்று அவள் வாயைத் திறப்பாள். சுவரில் பவனின் படத்துக்கு மாமா தினமும் மாற்றும் கனகாம்பரச் சரத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வாள்.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. யேசுதாஸ் கதவைச் சாத்திவிட்டு, ஆறிப்போன டீயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த வாத்தியாரு இன்னும் இன்னா சொன்னான்?"

நேத்ரா டீயைச் சூடு பண்ணிக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவதா வர்றதுதான் பழைய கதையாம் மாமா. காய்ஞ்ச பூமி, மழைக்கு ஏங்கற ஜனங்க. அவங்க சொன்னதால மண்ணைப் பிசையறது, தோட்டம் போடறது, துணை தேடறது, இப்படியே போவுது. மொதல்ல இருக்கறது பின்னால எழுதினது. அந்த ஜனங்களைச் சிறைபிடிச்சு பாபிலோனுக்கு இட்டுனு போயிட்டாங்க. கோயிலை இடிச்சாச்சு, ஊரு போயிடுச்சு. அங்க இருந்த ஆசாரியருங்க எழுதியிருக்கலாம்னு சொல்றாரு."

"ஊரு போனப்புறம் இன்னாத்துக்கு உலகம் உண்டான கதை?"

"எல்லாம் கலைஞ்சு கெடந்ததால, எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்குன்னு சொல்லிக்கணும்னு தோணியிருக்கும் மாமா. பாருங்களேன், மொதல் மூணு நாள் இடம் மட்டும்தான் உண்டாவுது. வெளிச்சம், ஆகாயமும் தண்ணியும், தரை. அடுத்த மூணு நாள் அதே வரிசையில ஆள் வருது. வெளிச்சத்துக்குச் சூரியன், ஆகாயத்துக்குப் பறவை, தண்ணிக்கு மீனு, தரைக்கு மிருகமும் மனுஷனும்."

"மொதல்ல லைன் வூட்டைக் கட்டிட்டு, அப்புறமா குடி வெச்ச மாதிரி."

"அதேதான். அப்புறம் ஏழாம் நாள் லீவு. அடிமையா இருந்தவனுக்கு லீவு எவ்ளோ பெரிய விஷயம்."

யேசுதாஸ் டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. "சரி. புதுசா அவ்ளோ அழகா எழுதினவங்க, பழசைத் தூக்கிப் போட்டிருக்கலாமில்ல? இன்னாத்துக்கு ரெண்டையும் வெச்சாங்க?"

"ரெண்டையும் சேர்த்துத் தைச்சவங்க யாருன்னு தெரியல. ரெண்டும் ஒத்துப் போவலன்னு அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பழசைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஜனங்க உசுரோட இருந்திருப்பாங்க மாமா. அவங்க முன்னாடி எப்படித் தூக்கிப் போடறது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டில் யாரோ கன்னட சீரியல் வைத்திருந்தார்கள்.

"அந்தப் பையன் உன்னைக் கேட்டானா?" என்றார் யேசுதாஸ் திடீரென்று.

நேத்ரா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "கேட்டாரு மாமா."

"நீ இன்னா சொன்ன?"

"நீங்க அனுப்பினா போறேன்னு சொன்னேன். மனசில்லாம அனுப்பினீங்கன்னா போவ மாட்டேன்."

அவர் படத்தைப் பார்த்தார். "நீ இங்க இருக்கிற வரைக்கும் அவன் பொண்டாட்டி. இங்கருந்து போனா, அவன் யாரு? ஒரு காய்ச்சல்ல செத்தவன். அவ்ளோதான் மிச்சம்." கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அவள் செய்த குழம்பை அன்று இரண்டு பேரும் தொடவில்லை.

பண்டிகை வரையில் அவர் நாடகத்தைப் பற்றியும் பேசவில்லை, கிறிஸ்டோவைப் பற்றியும் பேசவில்லை. ஒத்திகைக்கும் வரவில்லை. இரண்டு கதையில் எதை எடுப்பது என்று பாஸ்டர் கேட்டபோது, "கொஞ்சம் பொறுங்க" என்று நேத்ரா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பண்டிகையன்று காலையில் 'டொக் டொக்' என்ற சத்தத்தில் அவள் விழித்தாள். வந்து பார்த்தபோது யேசுதாஸ் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பவன் படத்துக்குப் பக்கத்தில் சுவர் பெயர்ந்து, காரை தரையில் உதிர்ந்து கிடந்தது.

"இன்னா மாமா இது?"

"ஒண்ணுமில்ல. வெள்ளக்காரன் கட்டின சுவரு. எதுக்கும் எடம் குடுக்க மாட்டேங்குது. நீ கெளம்பு, நாழியாவுது."

தேவாலய வாசலில் கரும்பு சாய்த்து, பூசணிக்காய், வாழைத்தார், கோழி எல்லாம் ஏலத்துக்கு வந்திருந்தன. பூதிகோட்டையிலிருந்து ஒருவர் ராகி மூட்டை இறக்கினார். மத்தியானம் ஏலம் முடிந்து நாடகம் தொடங்கியபோது, காலை ஷிப்டின் வசனத்தை வாசிக்க யேசுதாஸ் தானாகவே மைக் முன்னால் வந்து நின்றார்.

ஆறு நாளும் நடந்தது. ஏழாம் நாள் ஓய்ந்தது. எல்லம்மா தன் தாளோடு எழுவதா, உட்காருவதா என்று விழித்தார். யேசுதாஸ் மைக்கை விடவில்லை.

"ஒரு நிமிஷம். சுரங்கத்துல வேலை பாத்தவங்களுக்குத் தெரியும். மேல வர்ற ஆளு, கீழ எறங்கற ஆளுகிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் வரணும். எது வரைக்கும் வேலையாச்சு, எங்க கல்லு தளந்துகீது, எல்லாம் சொல்லணும். சொல்லாம வந்தா அடுத்தவன் உசுருக்குக் கேடு. இந்த நாடகத்துல நாங்க ஒப்படைக்காம எழுந்து வந்துட்டோம். அதான் அன்னைக்குச் சண்டை."

பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப ஒப்படைக்கிறேன். இது வரைக்கும் நீங்க பாத்தது, ஊரை எழந்தவங்க தூரத்துலருந்து முழு உலகத்தையும் பாத்துச் சொன்னது. இனிமே வர்றது கிட்ட நின்னு, கையில மண்ணு ஒட்டச் சொன்னது. ஆதாம் மறுபடி வருவான். தப்புன்னு நெனைக்காதீங்க. மொதல்ல வந்தவனும் ஆதாம்தான். இவன் வர்றதால அவன் இல்லன்னு ஆயிடாது. ரெண்டையும் வெச்சுக்கச் சொல்லித்தான் பெரியவங்க தைச்சுக் குடுத்துக்கீறாங்க."

எல்லம்மா மைக்குக்குக் கை நீட்டினார். யேசுதாஸ் அவரைத் தாண்டி, விளக்கு ஸ்விட்ச் பக்கம் நின்ற கிறிஸ்டோவிடம் போய் மைக்கைக் கொடுத்தார்.

"நீ படி தம்பி. உன் ஷிப்ட்."

எல்லம்மாவின் தாள் கைக்கு வந்தும் கிறிஸ்டோவுக்கு முதல் வரி வரவில்லை. "படிங்க வாத்தியாரே, நான் மண்ணுக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கறேன்," என்று, மண்ணுக்குப் பதிலாக மேடையில் விரித்திருந்த சாக்குக்கு அடியிலிருந்து ஏசுபாதத்தின் குரல் வந்தது. கூட்டம் அதிர்ந்து சிரித்த சிரிப்பில் அவனும் சிரித்துவிட்டுப் படிக்கத் தொடங்கினான். நேத்ரா மேடைக்குப் பின்னால் போய்த் திரைத்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாடகம் முடிந்து சபையார் எல்லோருக்கும் நடந்த அன்பின் விருந்தில் பந்தி பரிமாறுவதும் ஷிப்ட்தான். யேசுதாஸ் சாம்பார் வாளியோடு வந்தபோது, எல்லம்மா இலையிலிருந்து நிமிர்ந்தார். "என் மைக்கைப் புடுங்கி அவன்கிட்ட குடுத்தீங்களே, நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"உனக்கு மைக் எதுக்கு? நீ பேசினா பங்காருபேட்டைக்கே கேக்கும்."

அடுத்த இலை கிறிஸ்டோவுடையது. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த நேத்ராவைப் பார்க்காமலே யேசுதாஸ் கேட்டார், "டிரில் மிஷின் கீதா உன்கிட்ட?"

"அம்மா வீட்ல இருக்குதுங்க ஐயா. எதுக்கு?"

"சாயங்காலம் எடுத்துனு வூட்டுக்கு வா. காலையில ஒரு ஆணி அடிக்கப் பாத்தேன், சுவத்துல எறங்கல. பவன் படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி வேணும்." சாம்பாரை ஊற்றினார். "உங்க கல்யாணப் படம் மாட்டறதுக்கு. அவன் படத்தைக் கழட்ட மாட்டேன், இப்பவே சொல்லிடறேன்."

"கழட்ட வேணாங்க ஐயா," என்றான் கிறிஸ்டோ. "அது இருக்கணும்."

"ஐயா இன்னா ஐயா. மாமான்னு கூப்புடு." வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். "சாப்புடு, சாப்புடு. அடுத்த பந்தி நிக்குது."