எண்ணூறு கட்டங்களில் அக்கா

1

இந்தக் கதை எனக்கு முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தது. கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்த பிறகு காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? அலுவலகக் கடிதம் எழுதியே பழகிய கை, விஷயங்களுக்கு எண் போட்டுவிட்டது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஜப்பானின் குராயோஷி ஊரின் மேல் பனி பெய்துகொண்டிருந்த ஒரு—’ பெய்யவில்லை. அடித்துவிட்டேன். மார்ச் மாதக் கடைசி நாள், பிற்பகல். அவ்வளவுதான்.

2

நொபுவே அக்கா, கிகுயோ தங்கை. இருவரும் சேர்ந்து பெண்களுக்கு முடி திருத்தும் கடை நடத்துகிறார்கள். கிகுயோ ஆறு வருடமாக எழுதிய நாவல், முன்னூற்றுப் பன்னிரண்டு தாள், ஒரு பத்திரிகையின் புதியவர் போட்டிக்குப் போகத் தயார். இன்றைய தபால் முத்திரை விழுந்தாக வேண்டும். பாக்கி, கதைச் சுருக்கம் ஒன்றுதான். கட்டம் போட்ட இரண்டு தாள், எண்ணூறு கட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து. முற்றுப்புள்ளிக்கும் ஒரு கட்டம் அழவேண்டும்.

முதல் முயற்சியில் எழுநூறு கட்டம் தீர்ந்தபோது கதாநாயகி இன்னும் காலைச் சோறே சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டாவது, ‘தங்கை எடுத்த முடிவுதான் என்ன?’ என்று முடிந்தது. அதுவும் ஆகாது. கேள்விக்குறி போட்டு ஆளை இழுப்பது புத்தகத்தின் மேலட்டை வேலை. நடுவர்களுக்கு முடிவைச் சொல்லியே தீரவேண்டும் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது.

(ஆறு வருடம் எழுதியவளுக்கு இது தெரியாதா? இந்த இடத்தில் கிகுயோமீது எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு புரிந்தது. நாவலிலும் இரண்டு சகோதரிகள், ஒரு முடி திருத்தும் கடை. முடிவில் தங்கை கடையை விட்டு ஓசாகாவுக்குப் போய்விடுகிறாள். அக்காவோ நாவலில் ஒரு தாளைக்கூடப் புரட்டியதில்லை.)

மூன்றாவது முயற்சியில் முடிவை எழுதிவிட்டாள். அங்கேதான் வினை.

3

“குடுடி, நான் நல்லா எழுதித் தர்றேன்.” கடையின் புத்தாண்டு வாழ்த்து அட்டை இருநூறும் வருடா வருடம் நொபுவே கையெழுத்துதான்.

“வேணாங்க்கா, நானே—”

“நாவல் உன் கோழிக் கிறுக்கல்லயே போகட்டும். நடுவர் மொதல்ல பாக்கறது இதத்தானே? நீ எழுதினா மருந்துச் சீட்டுன்னு நெனச்சிடுவாங்க.”

“யாருக்கு மருந்து?” முடி உலர்த்தும் கூண்டுக்குள்ளிருந்து இகேஹாரா அம்மாள் கத்தினாள்.

“யாருக்கும் இல்லம்மா, தலைய ஆட்டாதீங்க!”

நொபுவே வரிசையாக நிரப்பிக்கொண்டே போனாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், ‘தங்கை கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு ஓசாகா ரயிலில் ஏறுகிறாள்’ வரை வந்து பேனா நின்றது.

“ஓசாகாவா?”

கிகுயோ என் தலையைப் பாதியில் விட்டுவிட்டு, முடியே விழாத மூலையைப் பெருக்கத் தொடங்கினாள்.

“கதைதானேக்கா.”

“கதைல அவ எப்பப் போறா?”

“ஏப்ரல்ல.”

“நாளைக்கே ஏப்ரல்டி.”

“கடைசி வாரம்க்கா.”

அது கதைக்குச் சொன்ன பதில் இல்லை என்பது கூண்டுக்குள் இருந்தவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

“சரி,” என்றாள் நொபுவே. “ஆனா இந்தக் கடைசி வரி பொய். ‘அக்கா ரயிலடியில் அழுதபடி கையசைக்கிறாள்.’ நான் எதுக்குடி வர்றேன்? பள்ளிக்கூடம் தொறக்கற மாசம். அம்மாக்காரிங்க எல்லாம் வரிசைல நிப்பாங்க. கடைய யாரு பாப்பா, உன் நடுவரா?”

கேட்காமலே எழுதினாள்: ‘அக்கா வரவில்லை. கடை திறந்திருக்கிறது.’ புள்ளி எண்ணூறாவது கட்டத்தில் விழுந்தது.

4

சுருக்கம் ஒன்று சொல்ல, நாவல் வேறு சொல்லக்கூடாது. முன்னூற்றுப் பன்னிரண்டாம் தாள் முழுக்க அக்காவின் கண்ணீர். ஆறு வருடத்துக்கு முன் கிகுயோ முதலில் எழுதியதே அந்தத் தாளைத்தான். மற்ற முன்னூற்றுப் பதினொன்றும் அந்த அழுகையைக் காண்பதற்காகவே எழுதியவை.

(நாவலுக்குச் சுருக்கம் எழுதுவது எப்படி என்று யாராவது கேட்டால் இனி இப்படிச் சொல்வதாக இருக்கிறேன்: நாவலில் வருகிற ஆளிடமே பேனாவைக் கொடுங்கள்.)

மணி நான்கு பத்து. தபால் நிலையம் ஐந்துக்கு மூடும்.

முடிவு அ: கிகுயோ சுருக்கத்தின் இரண்டாம் தாளைத் தன் கிறுக்கலில் புதிதாக எழுதுகிறாள். அக்கா அழுகிறாள்.

முடிவு ஆ: நாவலின் கடைசித் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறாள். அக்கா வரவில்லை.

முடிவு இ: இகேஹாரா அம்மாள் கூண்டைத் தூக்கிவிட்டு ஒரு பெரிய உண்மையைச் சொல்ல— இல்லை. அவள் கேட்டது இன்னொரு கோப்பைத் தேநீர்.

5

நொபுவே உறையின் வாயில் பசை தடவிவிட்டாள். “என்னடி, ஒட்டவா?” அழுகிறாளா? நான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

கிகுயோவின் ஒரு கையில் முன்னூற்றுப் பன்னிரண்டாம் தாள், மறு கையில் வெற்றுத் தாள்.

நடுவர்களுக்கு முடிவைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குச் சொல்ல எனக்கு அப்படி விதி ஏதும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், எந்தத் தாள் உள்ளே போகட்டும்? கொஞ்சம் சீக்கிரம். பசை காய்கிறது, என் தலையும் பாதியில் நிற்கிறது.