இன்னும் ஏழு கிலோமீட்டர்

ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் பொய் சொல்ல வராமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை முதல். பெரிய பொய் எதுவும் இல்லை. ஊர் உலகமே குளியலறையில் நின்றுகொண்டு போனில் சொல்கிறதே, "இதோ வந்துட்டேன்" என்று, அந்தச் சின்னப் பொய்தான்.

வீட்டில் மனைவி போன் செய்து, "என்னங்க, எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நாலு கிலோமீட்டர் இருக்கு. மூணு சிக்னல். ரெண்டாவதுல எப்படியும் மாட்டுவேன். பத்தொன்பது நிமிஷம்."

"சோறு வைக்கலாமா வேண்டாமான்னு கேட்டேன். ஜாதகம் கேக்கல," என்று வைத்துவிட்டாள்.

வீட்டிலாவது சமாளிக்கலாம். வண்டியில்தான் வினை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ஒரு மளிகைக்கடைக்காரர், "வந்துட்டோமா?" என்று முனகினார். டிரைவர் முன்னாலிருந்து, "இன்னும் ஏழு கிலோமீட்டர்ங்க. பாலத்துல வேலை நடக்குது, சுத்தித்தான் போகணும்," என்றார். மானிட்டரில் பிரஷர் எகிறியது.

பின்னால் நோயாளியோடு இருப்பவள் மருத்துவ உதவியாளர். பட்டப்பெயர் ஊசி. வண்டி எந்தப் பள்ளத்தில் குதித்தாலும் நரம்பு தப்பாமல் குத்துவாள். பேச்சிலும் அப்படித்தான். "அண்ணே, அவர் வழியா கேட்டாரு? ஆறுதல் கேட்டாரு!" என்று கத்தினாள்.

அடுத்த வாரம் கால் முறிந்த ஒருவர் இதே பதிலைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா இறக்கி விடுங்க, நான் ஆட்டோ பிடிச்சுக்கறேன்," என்று பெல்ட்டை அவிழ்க்கப் பார்த்தார். குணமானதும் புகார் எழுதினார். கண்காணிப்பாளர் டிரைவரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்த மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். ஊழியர்களுக்காகவே வைத்த ஆள். ஆனால், 'பார்க்கிறவன் பைத்தியம்னு நினைப்பான்' என்று யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அறை பூட்டியிருந்தது. டிரைவர் போன் செய்தார். "இதோ சார், கேட்டுக்குள்ள நுழைஞ்சிட்டேன்," என்றது பெண் குரல். அந்தம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று முப்பத்தைந்து.

"மேடம், கேட்டுலேர்ந்து இங்க நடந்தா ரெண்டு நிமிஷம்."

"பொய்தான் சார். நீங்க கூப்பிட்டப்போ நான் வீட்ல செருப்புத் தேடிட்டிருந்தேன். மன்னிச்சுக்கோங்க."

கேட்டவுடன் ஒத்துக்கொண்டது டிரைவருக்குப் பிடித்துப்போயிற்று. இல்லாவிட்டால், 'நல்லாத்தான் இருக்கேன்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். எந்த நாளிலிருந்து இப்படி என்று அந்தம்மா கேட்க, டிரைவர் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சாரத்திலிருந்து விழுந்த ஒரு பெயிண்டர். இருபத்தாறு நிமிடப் பயணம். வழியெல்லாம், "வந்துட்டோமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"எட்டு தடவை கேட்டாரு. எட்டு தடவையும் வந்துட்டோம்னு சொன்னேன். அப்புறம் அவர் கேக்கல." டிரைவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "கடைசியா அந்த மனுஷன் காதுல விழுந்தது என்னோட பொய், மேடம்."

அந்தம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "முதல் தடவையே அது பொய்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமே. அப்புறம் ஏன் இன்னும் ஏழு தடவை கேட்டாரு?" என்றார்.

டிரைவர் தலையை நிமிர்த்தினார்.

"நீங்க இருக்கீங்களான்னு பார்த்திருப்பாரு. அப்படின்னு எனக்குத் தோணுது."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏசி தூசி மேடம்," என்றார்.

"இந்த ரூம்ல ஏசி இல்ல சார்."

ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. வியாழக்கிழமை தோறும் போனார். தொலைந்திருந்த தூக்கம் தவணை முறையில் திரும்பி வந்தது. வண்டியில் யாராவது கேட்டால், "போயிட்டே இருக்கோம். நான் முன்னாலதான் இருக்கேன், பேசுங்க," என்று சொல்லப் பழகினார். அது சிலருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது மாதிரி ஆகிவிட்டது. குடல்வால் வலியோடு வந்த ஒருவர் மச்சானோடு உள்ள நிலத் தகராறை ஆதியிலிருந்து ஆரம்பித்து, ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை விடாமல் சொன்னார்.

ஒரு மத்தியானம் வண்டியைக் கழுவும்போது டிரைவர் இதையெல்லாம் ஊசியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஸ்ட்ரெச்சரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "எட்டு இல்லண்ணே, ஒன்பது," என்றாள்.

"என்னது?"

"ஒன்பதாவது தடவை ரொம்ப மெதுவா கேட்டாரு. உங்களுக்குக் கேட்டிருக்காது. நான்தான் பதில் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"நீங்க சொன்னதையேதான்." தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். "என் கையைப் பிடிச்சிருந்தாரு."

டிரைவர் தண்ணீர்க் குழாயை மூடினார். இரண்டு மாதமாகத் தன் கதையையே பாடிக்கொண்டிருந்தது உறைத்தது. பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்பது ஒரு நாளாவது தோன்றியதா?

"வியாழக்கிழமை என் நேரத்தை நீ எடுத்துக்கம்மா."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"இருக்கட்டும். சும்மா போய் அந்தம்மா லேட்டா வந்ததுக்கு ரெண்டு வார்த்தை திட்டிட்டு வா. உனக்கு அது நல்லா வரும்."

போனாள். டிரைவர் வெளியே பெஞ்சில் காவல் இருந்தார். உள்ளே முதலில் ஊசியின் குரல் உயர்ந்தது. பிறகு சிரிப்பு கேட்டது. பிறகு வெகுநேரம் எதுவுமே கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவளுக்கு முகம் வீங்கியிருந்தது.

"பசிக்குதுண்ணே," என்றாள்.

கேன்டீனில் இரண்டு சாப்பாடு வாங்கினார். அவள் தன்னுடையதை முடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவர் தட்டையும் இழுத்துக்கொண்டாள். டிரைவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.