சுவர் ஒதுக்கிய வரிகள்

ரயில் நிலையத்தின் பெரிய கூடத்தில் அவர் அமைத்த சுவருக்கு அன்று திறப்பு விழா. செங்கல் இல்லாத சுவர், முழுக்க ஒளித்திரை. பயணிகள் கைபேசியில் ஒரு வரி அனுப்பினால் போதும், அது எழுத்தெழுத்தாக மேலிருந்து இறங்கி, கூடி நின்று, கரைந்துபோகும். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் சுவர்க்காரர்தான். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வரி வந்த நொடியே அனுப்பியவர் எண் அழிந்துவிடும், எழுதியது யாரென்று தனக்கே தெரியாது என்று பேட்டி கேட்டவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

எதிர் பெஞ்சில் அவருடைய அக்கா மதியம் இரண்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதத்துக்கு முன் ஏதோ கோபத்தில், "இனி என் முகத்துல முழிக்காதே" என்று சொல்லித் தொலைத்தாள். மகன் சின்னு அன்று போனவன்தான், கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். இந்த நிலையத்தில் அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தண்ணியாவது குடி, அக்கா."

"சோதனை ஓட்டம் ஆரம்பிச்ச நாள்லேருந்து அனுப்புறேன் தம்பி. பத்து நாளாச்சு. எவனெவனோ நிலாவைப் பத்தி எழுதினதெல்லாம் வருது, என்னோடது ஒண்ணுகூட வரலையே?"

சுவர்க்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா, அப்பா, மாமா, டேய், அடியே என்று எந்த அழைப்பு வரியில் இருந்தாலும் அதை 'தனிப்பட்ட விஷயம்' என்று ஒதுக்கிவிடும்படி பட்டியல் போட்டவர் அவர்தான். ஊர் பார்க்கும் சுவரில் குடும்பச் சண்டை ஏறக்கூடாதாம். பெரிய மேதாவி!

சுவருக்குப் பின்னாலிருந்த அறைக்கு ஓடினார். ஒதுக்கிய வரிகளைத் திறந்தார். ஆயிரக்கணக்கில் கிடந்தன. அக்காவுடையது நாளுக்குப் பத்துத் தடவை: "சின்னு, அம்மாவுக்குக் கோவமில்ல. வந்துருடா."

அவற்றுக்கு நடுவிலேயே இன்னொன்று இருந்தது.

"அம்மா, நான் சின்னு. தினமும் மாமா செவுத்தைப் பாக்குறேன். ஒரு வார்த்தை போடு, வந்துடுறேன்."

ஆறு நாள் அதே வரி. ஏழாவது நாளான இன்று பகல் ஒரு மணிக்கு: "நீ ஒண்ணும் போடல. புரியுதும்மா. வண்டி ஏறுறேன். இனிமே தேட வேண்டாம்."

எண் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. மணி நாலு. இதற்குள் எத்தனையோ வண்டிகள் எத்தனையோ திசைகளில் போயிருந்தன. சுவர்க்காரர் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு மற்ற எல்லா வரிகளையும் நிறுத்திவிட்டு, அக்காவின் வரியைச் சுவர் முழுக்க ஏற்றினார். கூடத்தில் கூட்டம் கைதட்டியது.

வெளியே வந்ததும் அக்கா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஐந்து மாதமாக இல்லாத சிரிப்பு.

"வந்துருச்சுடா தம்பி! இனிமே அவன் கண்ணுல படாமப் போகாதுல்ல?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். "படும்க்கா" என்றுதான் வந்தது.

"அப்ப நீ வீட்டுக்குப் போய் அவன் ரூமைக் கூட்டி வை," என்றபடி அவள் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். "அவன் வந்ததும் நான் கூட்டிக்கிட்டு வரேன்."