வெளிச்சம் வந்த பக்கம்

ஷாமியானாவின் முன்பக்க மூங்கிலை ஜெகன் ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டான். துணி ஒருபக்கமாகச் சரிந்து, கீழே மாரடித்துக்கொண்டிருந்த பெண்களின் தலைமேல் விழுந்தது. அவர்கள் துணிக்குள்ளேயே அழுதார்கள்.

“வுடு மாமா! கைய வுடு! இன்னைக்கு அவன சாய்க்காம சோறு துன்னமாட்டேன்!”

தாய்மாமன் குப்பன் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தரையோடு இழுபட்டுக்கொண்டிருந்தார். “உங்கண்ணன் பொணமே இன்னும் பொன்னேரி ஆஸ்பத்திரிலேர்ந்து வரல. அதுக்குள்ள நீ இன்னொண்ணு போட்டுட்டு ஜெயிலுக்குப் போறியா? உங்கம்மா யாருக்குன்னு அழுவா?”

“வண்டிய ஏத்தி சாவடிச்சிருக்கான் மாமா!”

“அது கம்பெனிக்காரன் சொல்றது. நீ பாத்தியா?”

பூமிகா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் மில் ஒன்றில் அவளுடைய பெரிய அண்ணன் அன்புசெல்வன் வேலை செய்தான். அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு, உலைக்கொட்டகையின் இரும்புக் கதவு பெயர்ந்து விழுந்து செத்துப்போனான். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் இரண்டு கதை.

மில் சூப்பர்வைசர் போனில் சொன்னது ஒன்று. அன்பு உள்ளே நின்று கதவுக்குத் தாழ் போட்டுக்கொண்டிருந்தானாம். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் ஹேமநாத் வெளியே யார்டிலிருந்து வந்து கதவை இடித்துவிட்டானாம். ஹேமநாத் குப்பனுக்குப் போன் செய்து சொன்னது வேறு. “நான் கிட்டவே போல மாமா. ஃபர்னஸ் வெடிச்சிது. அன்பு வெளிய யார்டுலதான் நின்னுக்கினு இருந்தான். கதவு பிச்சிக்கினு வந்து அவன் மேல வுழுந்துது.”

உலை வெடித்திருந்தால் உடம்பு வெந்திருக்காதா? அன்புவின் உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை, தலைதான் நசுங்கியிருந்தது என்று பிணவறையில் பார்த்துவிட்டு வந்த குப்பனே சொன்னார். போதாததற்குப் போன வாரம் வண்டியைக் காலில் ஏற்றப் பார்த்தான் என்று கேன்டீனில் எல்லோர் எதிரிலும் அன்பு ஹேமநாத்தை அறைந்திருந்தான். “ஒருநாள் நெஜமாவே ஏத்தறேன் பாரு” என்று ஹேமநாத் கத்தியதை மில்லே கேட்டிருந்தது. போலீஸ் வருவதற்குள் தரையைக் கழுவி, கதவை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். அன்புவோடு அதே ஷிப்டில் இருந்த ராபின் அதை ஜெகனுக்கு அனுப்பி, ‘கதவோட வெளிப்பக்கம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனை அணைத்துவிட்டான். துருவேறிய கதவு சுவரில் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. நடுவில், ஒரு அண்டாவைக் கவிழ்த்து அழுத்தியதுபோல் வட்டமாக ஓர் அடையாளம்.

ஜெகன் மாமனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து போனைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பூமி, இத பாரு. நெலாப் படத்துல எது குழி எது மேடுன்னு நீதான கரெக்டா சொல்லுவ? நாங்கல்லாம் கொப்புளம்னு சொன்னத நீ ஒருத்திதான் குழின்ன. இது இன்னா, சொல்லு.”

துணிக்குள் அழுகை நின்றது. அம்மா குணசுந்தரி தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள்.

சந்திரயான் சுற்றிச் சுற்றி எடுத்து அனுப்பிய நிலாப் படங்களை இறக்கி, குழிகளைச் சுற்றி வட்டம் போடுவதுதான் இரண்டு வருடமாகப் பூமிகாவின் வெறி. காலேஜ் ரயிலில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், குளியலறைக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது, எந்நேரமும் வட்டம். நாலாயிரத்தைத் தாண்டிவிட்டாள். “எண்ணி முடிச்சி அங்க பிளாட் போட்டு விக்கப்போறியா?” என்று அன்பு கேட்பான். ஒவ்வொரு குழியும் ஒரு அடி என்று அவனுக்கு அவள் சொல்லியிருக்கிறாள். காற்றில்லாத இடத்தில், சத்தமே இல்லாமல் விழுந்த அடி. எந்த அடி முதலில் விழுந்தது, எது அதன்மேல் விழுந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

ஆறு மணி நேரமாக அழுத கண்களால் பார்த்தாள். வட்டத்தின் மேல்விளிம்பு இருட்டு. கீழ்விளிம்பு வெளிச்சம். இதற்கு யோசிக்கவே வேண்டாம்.

“குழி” என்றாள்.

வெளிப்பக்கம் குழி என்றால் அடி வெளியிலிருந்து விழுந்திருக்கிறது. வெளியே இருந்தது ஃபோர்க்லிஃப்ட்.

குப்பனின் கை தானாகத் தளர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹேமநாத் தெருமுனையில் வந்தான். கையில் ரோஜா மாலை. சாவுக்கு வராமல் இருந்தால் செய்தவன் என்றே முடிவாகிவிடும் என்று நினைத்திருப்பான். தனியாக, நடந்தே வந்தான். மேளக்காரர்கள் ஆள் வருவதைப் பார்த்து வழக்கம்போல் வேகமாக அடித்தார்கள்.

ஜெகனின் முதல் அடி ஹேமநாத்தின் முழங்காலில் விழுந்தது. மூங்கில் காற்றைக் கிழிக்கும் சத்தம் நிலைப்படி வரைக்கும் கேட்டது. ஹேமநாத் மண்டியிட்டான். “டேய் ஜெகா, கேளுடா, நான் இன்னா...” இரண்டாவது அடியில் வாய் உடைந்தது. மாலை சிதறியது. ஜெகனின் கூட்டாளிகள் நாலு பேர் ஓடிப்போய் உதைத்தார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றி அடித்தான். ஹேமநாத்தின் முன்கை இருக்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது.

“அடி! எம்புள்ள தல நசுங்கி செத்தானேடா! அடி!” என்று குணசுந்தரி மண்ணை வாரி வீசினாள்.

பூமிகாவுக்குள்ளும் ஏதோ ஒன்று ‘இன்னும்’ என்றது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தச் சூடு தணியக் கூடாது என்று, ஜெகன் அவள் கையில் விட்டுப்போன போனைத் தூக்கி மறுபடி பார்த்தாள். வட்டத்தைப் பெரிதாக்கினாள். விரல் நகர்ந்ததில் கதவின் கைப்பிடி திரைக்கு வந்தது.

கைப்பிடி எப்போதும் வெளியே துருத்திக்கொண்டுதான் இருக்கும். அதில் சந்தேகமே கிடையாது. அதன் நிழல் மேல்நோக்கி விழுந்திருந்தது.

படத்தை மேலே தள்ளினாள். கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பிசிறு. தரையில் வைத்த எமர்ஜென்சி லைட். கரண்ட் போன கொட்டகையில், ராபின் விளக்கைத் தரையில் வைத்துவிட்டுப் படம் எடுத்திருக்கிறான்.

சூரியன் எந்தப் பக்கம்? எந்தப் படத்தைத் திறந்தாலும் அவள் முதலில் கேட்பது அதுதான். அதைப் பார்க்காமல் ஒரு வட்டம்கூடப் போட்டதில்லை. இன்றைக்குக் கேட்கவில்லை. வெளிச்சம் கீழிருந்து வந்தால், குழியாகத் தெரிவது மேடு.

போனைத் தலைகீழாகத் திருப்பினாள். இரும்பு அவளை நோக்கிப் புடைத்துக்கொண்டு எழுந்தது.

ஓடினாள். “சின்னண்ணா! குழி இல்ல! மேடு! அது மேடு!”

மேளத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் புரியவில்லை. ஜெகன் மூங்கிலைத் தலைக்குமேல் ஓங்கியிருந்தான். அவள் ஹேமநாத்தின்மேல் குப்புற விழுந்தாள். அடி அவள் தோளில் இறங்கியது. ஒரு கணம் கண்ணில் எதுவும் தெரியவில்லை.

“ஏய்! பைத்தியமா உனக்கு? எழுந்திர்றி!”

“நான் தப்பா சொல்ட்டேன்! லைட்டு கீழேர்ந்து வருது. பாரு! பாருன்னா பாரு!” தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் போனைத் தலைகீழாக நீட்டினாள். “உள்ளேர்ந்து வெடிச்சிதான் வெளிய புடைச்சிருக்கு. இவரு சொன்னதுதான் நெஜம்.”

ஜெகன் பார்த்தான். குனிந்து மறுபடி பார்த்தான். யாருடைய உதவியும் அவனுக்குத் தேவைப்படவில்லை. கதவு பூரிபோல் உப்பியிருந்தது.

“நீதானடி குழின்ன?” அவன் குரல் கீச்சென்று வந்தது. “நீதான சொன்ன?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

கூட்டாளிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். செருப்பைக் கழற்றியவன் அதை மாட்டத் தடுமாறினான். ஹேமநாத் ஒரு பல்லைத் துப்பினான். “பழைய கேஸ் சிலிண்டர ஒடைக்காம அப்டியே ஸ்கிராப்போட ஃபர்னஸ்ல கொட்டிட்டானுங்க... நான் எத்தினி தபா சொன்னேன் மாமா” என்று குப்பனைப் பார்த்துச் சொன்னான். பிறகு அவன் கண் சொருகியது.

பிணவண்டி அப்போதுதான் தெருவுக்குள் திரும்பியது. பெண்கள் எல்லோரும் எழுந்து அதை நோக்கி ஓடினார்கள். வெள்ளைத் துணியில் கட்டிய அன்புவை நாலு பேர் இறக்கியபோது எழுந்த சத்தத்தில் மேளம் காணாமல் போனது. ஓட்டுநர் கதவைச் சாத்தப் போனார். பூமிகா குறுக்கே நின்றாள்.

“அண்ணே, இவர ஏத்துங்க.”

“இன்னாமா பேசற? இது பொணவண்டி. உசுரோட இருக்கறவன இதுல ஏத்தக்கூடாது. ஒன் நாட் எய்ட்டுக்குப் போன் பண்ணு.”

“அது வர்ற வரைக்கும் தாங்காது, இதுலதான் ஏத்தணும்” என்றார் குப்பன். “தூக்குங்கடா.”

யாரும் அசையவில்லை. ஜெகன்தான் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு வந்து ஹேமநாத்தின் கால்களைப் பிடித்தான்.

பூமிகா பின்னாலேயே ஏறினாள்.

“அண்ணன் மூஞ்சிய ஒருதபா பாத்துட்டுப் போடி!” என்று குணசுந்தரி பந்தலிலிருந்து அலறினாள். “அவனுக்கா போற? பாவி, அவனுக்கா போற?”

துணியை விலக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் பூமிகாவுக்கு வெள்ளை மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் கதவைச் சாத்தினார்.

வண்டிக்குள் பினாயில் நாற்றம். இரும்புத் தட்டில் ஐஸ் கரைந்த தண்ணீர் தேங்கியிருந்தது. ஹேமநாத்தின் ரத்தம் அதில் கலந்து ஓரத்துக்கு ஓடியது. ஆரணி ஆற்றுப் பாலம் ஏறும்போது அவன் கண்ணைத் திறந்தான். பல் தந்தியடித்தது.

“குளுருதுமா” என்றான்.

அவள் தன் துப்பட்டாவை எடுத்து அவன் காலிலிருந்து போர்த்திவந்து, கழுத்தருகே நிறுத்தி, இரண்டு பக்கமும் செருகினாள். வண்டி ஆடியதில் துணி நழுவி அவன் முகத்தின்மேல் விழுந்தது. சட்டென்று எடுத்துக் கீழே இறக்கினாள். அதன் விளிம்பைப் பொன்னேரி வரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டாள்.