வளர்மதி பாடாத ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலேகால் மணிக்கு, உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், நான் செய்த ஒரு காரியத்திலிருந்து வந்தது. எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆறு முறை எழுதியாயிற்று, இது ஏழாவது. இதுவரை முதுகு வலிதான் மிச்சம்.

நான் எழுத்தாளன் என்பதற்கு மூன்று சிறுபத்திரிகைகள் சாட்சி. மூன்றும் நின்றுபோய்விட்டன. மற்றபடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வட்டார நாட்டுப்பாட்டு மன்றத்துக்கு நான் செயலாளர் ஆனதும் அதனால்தான். நோட்டீஸ் அடிக்க யாரிடம் பிரிண்டர் இருக்கிறதோ அவன் செயலாளர். என் குரலைக் கேட்டு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு சனியும் ஞாயிறும். பெருநகர், திருப்புலிவனம், ராஜகுளம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஐம்பது பேர் வருவார்கள். நாற்காலி கிடையாது. ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருவோம். ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் மற்ற எல்லோரும் அதை வாங்கிப் பாட வேண்டும். சும்மா கேட்கத்தான் வந்தேன் என்று யாரும் தப்பிக்க முடியாது. நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, தாலாட்டு, நடுநடுவே பம்பையும் உடுக்கையும். ஞாயிறு முடியும்போது எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். எனக்கு இடுப்பும் பிடித்திருக்கும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"செய்யாற்றங்கரையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்த வேளையில், வெள்ளைப் புடவை உடுத்திய ஒரு பெண்..."

அடித்துவிட்டேன். வளர்மதி வெள்ளைப் புடவை கட்டுவதில்லை. பெருநகர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வேலை. புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைமுடியில் தவிடு படிய, பஸ் ஏறி வருவாள்.

அடுத்து: "துக்கத்தைப் பாடுவது என்பது மனித குலத்தின் ஆதி..." மனித குலம் வரைக்கும் போய்விட்டால் நான் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம். அதையும் அடித்தேன்.

விஷயத்தை நேராகவே சொல்கிறேன். வளர்மதியின் புருஷன் பார்த்திபன் 2021 மே மாதம் கொரோனாவில் செத்துப்போனான். பொட்டலமாகக் கட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியிலேயே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். வளர்மதிக்கும் காய்ச்சல். வீட்டுக்குள் தனியாக அடைபட்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டு, வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். பெண்டாட்டி ஒரு அடி சொல்ல, மற்றவர்கள் அதை வாங்கி அழ வேண்டும். வாங்க ஆளில்லாமல் அது நடக்காது. பார்த்திபனுக்கு ஒருத்தியும் வரவில்லை. வர விடவும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் ஒப்பாரிச் சத்தமே கேட்கக் கூடாது, அடுத்த சாவைக் கூப்பிடுவதாக ஆகிவிடும். காய்ச்சல் தெளிந்தபின் அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் மாமியார் வந்து பொத்தினாள்.

மன்றத்தில் சேர வந்த அன்றைக்கு என் கடையில் நின்று வளர்மதி சொன்னது இது:

"பாட்டு எனக்கு சொமாராதாண்ணா வரும். எங்க வூட்டுக்காருக்கு ஒரே ஒரு தபா ஒப்பாரி வெக்கணும். வாங்கி அழ ஆள் வோணும். இங்க அம்பது பேரு கீறாங்களே, அதான் வந்தேன்."

(இந்தப் பேச்சில் நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மற்ற இடங்களைப் பற்றி அப்படிச் சத்தியம் செய்ய மாட்டேன்.)

3

முதல் வருஷம் அவளைக் கடைசியில் போட்டேன். மழை வந்து, கரண்ட் போய், கூட்டம் கலைந்தது. இரண்டாம் வருஷமும் கடைசியில் போட்டேன். அவளுக்கு முன்னால் வேதாசலம்* பாடினார்.

*வேதாசலம் எங்கள் தலைவர். திருப்புலிவனத்தில் நிலபுலன் உள்ளவர். கிணறு வற்றும்வரை பாடுகிற ஏற்றப்பாட்டுக்காரர். மண்டபத்தில் கிணறு இல்லாததால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரிவதில்லை.

ஏன் கடைசியிலேயே போட்டேன்? சந்தோஷமாக இரண்டு நாள் இருக்க வந்தவர்களை அழுதுகொண்டே அனுப்புவதா என்று ஒரு தயக்கம். அழுகையை முதலில் வைத்தால் அப்புறம் யார் பாடுவார்கள் என்று இன்னொரு தயக்கம். தயக்கத்துக்குக் காரணம் தேடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

இந்த வருஷம் துணிந்து நோட்டீஸிலேயே அடித்தேன்: "ஞாயிறு மாலை 4 மணி. ஒப்பாரி. பெருநகர் வளர்மதி." அவளிடம் ஒன்று கொடுத்தபோது அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த நோட்டீஸ் மண்டப மேனேஜர் வசந்த்குமார் கண்ணிலும் பட்டது.

"இன்னா சார் இது? திங்கக்கெழம காத்தால முகூர்த்தம் கீது. மொத நாள் இங்க ஒப்பாரி வெக்கறீங்கன்னு பொண்ணு வூட்ல தெரிஞ்சா என்ன வுட்டுடுவாங்களா?"

"அவங்க ஆறு மணிக்குத்தானப்பா வராங்க? அஞ்சுக்கே காலி பண்ணிடறோம்."

"பேஜார் பண்ணிடாதீங்க சார். அஞ்சுன்னா அஞ்சு."

4

இனி அந்த நாலேகால் மணி. முந்தைய பிரதிகளில் அதை இப்படி எழுதியிருந்தேன்:

"வளர்மதி வட்டத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள். கூட வேலை செய்கிற அம்முலு ஒரு பக்கம், இன்னும் நாலு பெண்கள் மறுபக்கம். தோள்மேல் கை போட்டுக்கொண்டார்கள். வளர்மதி முடியை அவிழ்த்துவிட்டாள். மண்டபம் அடங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. பொண்ணு வீட்டார், சொன்ன நேரத்துக்கு ஒன்றேமுக்கால் மணி முன்னதாக! வரிசைத் தட்டுகளோடு பத்துப் பதினைந்து பெண்கள், முன்னால் கல்யாணப் பெண். தலைவர் வேதாசலம் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கி, 'அடுத்ததாகக் கும்மி!' என்று முழங்கினார்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதாசலம் என்ற பாத்திரம் இந்த இடத்தில் ஒட்டவில்லை. அவர் மனுஷர் வெள்ளந்தி. வேன் வந்ததையே கவனித்திருக்க மாட்டார். தவிர, அவர் அப்போது பின்பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மைக் என் கையில் இருந்தது. கும்மி என்று சொன்னது நான்.

5

கதவைச் சாத்தியிருக்கலாம். வாசலுக்குப் போய், "அம்மா, ஒரு கால் மணி நேரம் வேனில் இருங்கள்" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது நான் களைத்துப் போயிருந்தேன். இரண்டு நாளாக மைக் செட், டீ, தண்ணீர் கேன், யாருக்கு முதலில் மைக் என்ற தகராறு. இன்னொரு சண்டைக்கு உடம்பில் தெம்பில்லை. கல்யாணப் பெண்ணின் மனசு நோகக் கூடாதே என்பது பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடக்கும்போது நான் கண்டுபிடித்த காரணம்.

வளர்மதி கீழேயிருந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது?" என்றாள் அம்முலு.

நான் மைக்கில் இன்னொரு தடவை, இன்னும் உற்சாகமாக, கும்மி என்றேன்.

வளர்மதி முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள். வட்டம்தான் தயாராக இருந்ததே. பொண்ணு வீட்டுப் பெண்கள் தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். கல்யாணப் பெண்ணையும் இழுத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் மண்டபக் கூரை அதிர்ந்தது. வளர்மதியும் குனிந்து நிமிர்ந்து கொட்டினாள், தாளம் தப்பாமல். ஆண்கள் கும்மியில் சேர்வதில்லை. நான் அன்றைக்குச் சேர்ந்தேன். அவளுக்கு நேர் எதிரே நின்று, பல்லைக் காட்டிக்கொண்டு, கை சிவக்கக் கொட்டினேன்.

அந்த இரண்டு நாளில் அதுதான் சிறந்த பாட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். வீடியோ வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. வேதாசலம் என் முதுகில் தட்டினார்.

"செக்ரட்டரி, கும்மிதான்யா டாப்பு! அடுத்த வருசமும் கல்யாணத்துக்கு மொத நாளா பாத்து புக் பண்ணிடு."

வளர்மதி சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள்.

6

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று. கல்யாணப் பெண்ணின் அம்மாவும் புருஷனை இழந்தவள். வளர்மதியின் கையைப் பிடித்து, "நீ பாடு தாயி" என்கிறாள். (அந்த அம்மாவின் கழுத்தில் தாலி பளபளவென்று இருந்ததை நான் பார்த்தேன். விட்டுவிடுவோம்.)

இரண்டு. வளர்மதி செய்யாற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து பாடுகிறாள், ஆறு வாங்கிப் பாடுகிற... (ஆற்றில் அப்போது மணல்தான் இருந்தது. இருந்தாலும் ஆறெல்லாம் வாங்கிப் பாடாது.)

மூன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தார் ஐம்பது பேரும் பஸ் பிடித்து, பார்த்திபனைப் புதைத்த இடத்துக்குப் போகிறார்கள். அவள் பாடுகிறாள். எல்லோரும் வாங்கி அழுகிறார்கள். மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. திருப்தியாக இருந்தது. பிரிண்ட் எடுத்துக் கடையிலேயே வைத்திருந்தேன்.

7

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு வளர்மதி ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் கதையை எடுத்து நீட்டினேன்.

கவுண்டரில் சாய்ந்து நின்று ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். தலைவர் மைக்கைப் பிடுங்குகிற இடத்தில் லேசாகச் சிரித்தாள். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"அம்பது பேரும் வந்தாங்கன்னு எழுதிக்கீறீங்க. எப்பண்ணா வந்தாங்க?"

"வரலம்மா. கதைக்காகப் போட்டது."

"நான் பாடினன்னு கீது?"

"அதுவும் கதைதான். கதையிலயாவது நீ பாடட்டுமேன்னு."

"அடிச்சிடுங்க."

"ஏம்மா?"

"அவ பாடிட்டான்னு படிக்கிறவங்களுக்கு ஆறிப்பூடும். உங்களுக்கும் ஆறிப்பூடும். எனக்கு ஆறலயேண்ணா."

பேனாவை எடுத்து அந்த மூன்று பக்கத்தையும் அவள் கண்ணெதிரிலேயே அடித்தேன். வெட்கமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன். இப்ப நான் ஒரு அடி சொன்னா நீங்க வாங்குவீங்களா?"

"இங்கயா? கடையிலயா? ஆம்பள எங்கம்மா ஒப்பாரிய..."

"அன்னிக்கு கும்மி கொட்டினீங்களே."

8

கடையில் கூட்டம். ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு ஒரு பெரியவர், பத்திர நகலோடு ஒருவர், பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு ஒரு பெண். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வளர்மதி முடியை அவிழ்த்துவிட்டாள்.

இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. நான் வாங்கினேன் என்று எழுதினால் என்னை மன்னித்துவிடுவீர்கள். வாங்கவில்லை என்று எழுதினால், உண்மையையாவது சொன்னானே என்று அதற்கும் மன்னித்துவிடுவீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

வரிசையில் அந்த ஹால் டிக்கெட் பெண்ணுக்குப் பின்னால் நிற்பது நீங்கள். உங்கள் கையிலும் ஏதோ ஒரு காகிதம். உங்களுக்கும் அவசரம்தான், தெரியும். பாட வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும்.

அவர் பெயர் பார்த்திபன்.